1974: துன் ரசாக் ஏன் சீனாவுக்குப் போனார்?

கோலாலம்பூருக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். ஜாலான் துன் ரசாக்கில் போக்குவரத்து நெரிசலில் மாட்டியிருப்பீர்கள். டி.ஆர்.எக்ஸ் கடைத்தொகுதியில் சுற்றியிருப்பீர்கள். அதிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளும் அவர் பெயர்தான்: துன் ரசாக்.

மலேசியாவின் இரண்டாம் பிரதமர், மேம்பாட்டின் தந்தை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கையின் கடைசி இரண்டு ஆண்டுகளில் எடுத்த ஒரு முடிவு தென்கிழக்காசியாவின் போக்கையே திருப்பிவிட்டது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1974 மே மாதம். மலேசியாவின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றுத் தாண்டியிருந்தது. சீனாவிலோ 80 கோடிக்கும் மேல். இரு நாட்டுக்கும் இடையில் தூதரகம் கிடையாது, தூதர் கிடையாது. மலேசியக் காடுகளில் ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சீனா வெளிப்படையாக ஆதரவு கொடுத்துவந்தது. அந்தச் சீனாவுக்கே மலேசியப் பிரதமர் விமானம் ஏறினார்.

ஏன் போனார்? போனதால் என்ன கிடைத்தது? எது கிடைக்கவில்லை? வாங்க, பார்க்கலாம்.

யார் இவர்?

அப்துல் ரசாக் ஹுசேன் 1922ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, பகாங் மாநிலத்தின் பெக்கான் அருகே உள்ள புலாவ் கெலாடி கிராமத்தில் பிறந்தார். அப்பா பகாங் அரண்மனையோடு தொடர்புள்ள பிரமுகர். ஆனாலும் மகன் வளர்ந்தது ஆற்றோரக் கிராமத்தில்தான்.

கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் படித்தார். 1940இல் உபகாரச் சம்பளம் பெற்றுச் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரிக்கு வந்தார். அதே காலத்தில் அங்கே படித்த இன்னொரு மாணவர் யார் தெரியுமா? லீ குவான் இயூ. பின்னாளில் இருவரும் வெவ்வேறு நாடுகளை வழிநடத்தப் போகிறார்கள் என்று அப்போது யார் நினைத்திருப்பார்?

போர் வந்தது, படிப்பு நின்றது. ஜப்பானியர் ஆட்சியில் அவர் பகாங்குக்குத் திரும்பி அரசாங்க வேலை பார்த்தார். ஆனால் உள்ளுக்குள் வேறொரு வேலையும் நடந்தது. ஜப்பானியரை எதிர்த்த வத்தானியா என்ற ரகசிய மலாய்ப் படையில் அவர் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அதே ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போராடியவர்களில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியினரும் உண்டு. அவர்களில் ஒருவரான சின் பெங்குக்குப் போருக்குப் பிறகு பிரிட்டன் விருதுகூடக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அதே சின் பெங் பிரிட்டனால் தேடப்படும் ஆளாகிவிட்டார். இன்றைய கூட்டாளி நாளைய எதிரியாகலாம், எதிரி பேச்சுக்கு வரலாம் என்பதை ரசாக்கின் தலைமுறை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணெதிரே பார்த்தது.

துங்குவுக்குப் பக்கத்தில்

1947இல் ரசாக் சட்டம் படிக்க லண்டன் போனார். அங்கேதான் துங்கு அப்துல் ரஹ்மானுடன் நெருக்கமானார். துங்கு அவரைவிட 19 வயது மூத்தவர், கலகலப்பானவர். ரசாக்கோ அதிகம் பேசமாட்டார். கோப்புகள், கணக்கு, நேரம் தவறாமை, இதுதான் அவர் உலகம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

1950இல் வழக்கறிஞராக நாடு திரும்பியவர், 29 வயதிலேயே அம்னோவின் துணைத் தலைவரானார். 1955 தேர்தலுக்குப் பிறகு கல்வி அமைச்சர். அடுத்த ஆண்டு வெளிவந்த ரசாக் அறிக்கைதான் நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடித்தளம் போட்டது. 1957இல் சுதந்திரம் வந்தபோது துணைப் பிரதமர், தற்காப்பு அமைச்சர். பிறகு கிராமப்புற மேம்பாட்டையும் அவரே கவனித்தார்.

அந்த வேலையில் அவருடைய பாணி பிரபலம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சிவப்புப் புத்தகம். எங்கே சாலை வேண்டும், எங்கே பாலம் வேண்டும், எங்கே குடிநீர் இல்லை என்று எல்லாம் அதில் வரைபடத்தோடு இருக்கும். அதிகாரிகள் சொல்வதை அப்படியே நம்பாமல் நேரில் போய்ப் பார்ப்பார். நிலமற்ற குடும்பங்களைக் குடியமர்த்திய ஃபெல்டா திட்டங்கள் விரிவடைந்ததும் அவருடைய காலத்தில்தான். இந்தப் பணிக்காக 1967இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு தகவல். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிவதற்கு முன், டாக்டர் கோ கெங் சுவீ ரகசியமாகப் பேச்சு நடத்தியது ரசாக்குடன்தான்.

சீனா என்றால் ஏன் அவ்வளவு பயம்?

இதைப் புரிந்துகொள்ளாமல் 1974ஐப் புரிந்துகொள்ள முடியாது.

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் போராளிகளுக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையே 12 ஆண்டுகள் சண்டை நடந்தது. லட்சக்கணக்கான சீனர்கள் காட்டோரங்களிலிருந்து வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1960இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் போராளிகள் தாய்லாந்து எல்லைப் பக்கம் ஒதுங்கினார்களே தவிர, ஆயுதத்தைக் கீழே போடவில்லை. கட்சித் தலைவர் சின் பெங் 1961இல் பெய்ச்சிங் போய்ச் சேர்ந்தார்.

துங்குவின் அரசாங்கம் கம்யூனிசத்தை உறுதியாக எதிர்த்தது. 1959இல் திபெத் விவகாரத்தை ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் அயர்லந்தோடு சேர்ந்து எழுப்பியது மலாயாதான். 1962இல் இந்தியாவும் சீனாவும் எல்லையில் மோதியபோது, துங்கு இந்தியாவுக்காக நிதியே திரட்டினார்.

சீனாவும் சும்மா இருக்கவில்லை. 1963இல் மலேசியா உருவானபோது, அது காலனித்துவத்தின் புது வேடம் என்று சாடியது. இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நடத்திய கொன்ஃப்ரொந்தாசி எனும் மோதலுக்குப் பக்கபலமாக நின்றது. 1969 நவம்பரில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் வானொலி சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. மலேசிய அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சொல்லும் குரல் தினமும் எல்லை தாண்டி வந்தது.

இதெல்லாம் போதாதென்று, உள்நாட்டில் இன்னொரு சிக்கல். மலேசியாவில் வாழ்ந்த சீனர்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் குடியுரிமை இல்லை. அவர்கள் யார்? மலேசியாவைச் சேர்ந்தவர்களா, சீனாவைச் சேர்ந்தவர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால், குடியுரிமை உள்ள சீனர்கள்மீதும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது மலேசியாவின் பல தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியும். வேலை, பள்ளி, பயணம் என்று எல்லா இடத்திலும் அது குறுக்கே வரும்.

அப்படியென்றால் என்ன மாறியது?

மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது, பிரிட்டன். சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை 1971 இறுதிக்குள் மீட்டுக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் அது அறிவித்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதிர்ந்துபோயின. இத்தனை காலம் காவலுக்கு நின்றவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்.

இரண்டாவது, அமெரிக்கா. ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பைப் பெரும்பாலும் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அதிபர் நிக்சன் 1969இல் கோடிகாட்டினார். வியட்நாம் போரில் அமெரிக்கா களைத்துப் போயிருந்தது.

மூன்றாவதும் மிகக் கொடியதும் 1969 மே 13. தேர்தல் முடிந்த சில நாளில் கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்குப்படி மாண்டவர்கள் 196 பேர். நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. தேசிய நடவடிக்கை மன்றம் என்ற அமைப்பு நாட்டை நடத்தியது. அதன் தலைவர் ரசாக்.

1970 செப்டம்பர் 22இல் அவர் பிரதமரானார். புதிய பொருளியல் கொள்கையைக் கொண்டுவந்தார். அதைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. மலாய்க்காரர்களுக்குக் கைகொடுத்த திட்டம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மற்ற இனத்தவரின் வாய்ப்பைச் சுருக்கியது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அது தனிக் கதை. நம் கதைக்குத் தேவையானது இதுதான்: வெளியே பழைய காவலர்கள் கிளம்புகிறார்கள், உள்ளே இனங்களுக்கு இடையே காயம் ஆறவில்லை, காட்டுக்குள் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் சமாளிக்கவேண்டிய நிலை ரசாக்குக்கு.

எதிரியிடம் பேசிப் பழகியவர்

ரசாக்குக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1966இல் கொன்ஃப்ரொந்தாசியை முடிக்கப் பேங்காக்கில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆதாம் மாலிக்குடன் உட்கார்ந்து பேசியவர் அவர்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி ஜக்கர்த்தாவில் உடன்பாடு கையெழுத்தானது. சரியாக ஓராண்டு ஆவதற்கு முன்பே, 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி, ஆசியான் பிறந்தது. மலேசியா சார்பில் கையெழுத்திட்டவர் ரசாக். சிங்கப்பூர் சார்பில் எஸ். ராஜரத்தினம். நேற்றுவரை துப்பாக்கி நீட்டிய அண்டைநாடு இன்று ஒரே மேசையில்.

அதற்குப் பிறகு வந்தது நடுநிலை என்ற யோசனை. தென்கிழக்காசியா எந்த வல்லரசின் பக்கமும் சாயவேண்டாம், வல்லரசுகளும் இங்கே வந்து சண்டை போடவேண்டாம் என்பதுதான் அதன் சாரம். 1968இல் நாடாளுமன்றத்தில் இதை முதலில் முன்வைத்தவர் துன் டாக்டர் இஸ்மாயில். ரசாக் அதை எடுத்துக்கொண்டார். பிரதமராவதற்குச் சில நாள்களுக்கு முன், லுசாக்காவில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். 1971 நவம்பர் 27ஆம் தேதி ஆசியானின் ஐந்து நாடுகளும் கோலாலம்பூரில் கூடி, இந்த வட்டாரத்தை அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக்க விரும்புவதாக அறிவித்தன.

சரி, வட்டாரம் நடுநிலையாக இருக்கவேண்டும் என்றால், அதைச் சீனாவும் ஒப்புக்கொள்ளவேண்டும் இல்லையா? பேசாத ஒருவரிடம் ஒப்புதல் கேட்பது எப்படி? இங்கேதான் ரசாக்கின் கணக்கு தொடங்கியது.

ஒவ்வொரு அடியாக

அவர் ஒரே பாய்ச்சலில் பெய்ச்சிங் போய்விடவில்லை.

1971 தொடக்கத்தில் மலேசியாவில் பெருவெள்ளம். சீனச் செஞ்சிலுவைச் சங்கம் நிவாரணப் பொருள் அனுப்பியது. மலேசியா ஏற்றுக்கொண்டது. சின்ன விஷயம்தான், ஆனால் இரு பக்கமும் அதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டன.

அதே ஆண்டு மே மாதம் தெங்கு ரசாலி ஹம்சா தலைமையில் ஒரு வர்த்தகக் குழு சீனா போனது. அது வியாபாரத்துக்குத்தான் போனது என்பது வெளியே சொன்ன காரணம். ஆனால் சீனப் பிரதமர் சூ என்லாய் அந்தக் குழுவைச் சந்தித்தார். ரப்பர் விற்கவேண்டிய மலேசியாவுக்குச் சீனா பெரிய சந்தை. வர்த்தகம் வழியாகப் போனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அக்டோபர் 25ஆம் தேதி ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் வாக்கெடுப்பு. சீனாவின் இருக்கை தைவானுக்கா, பெய்ச்சிங்குக்கா? பெய்ச்சிங்குக்கு ஆதரவாக 76 நாடுகள், எதிராக 35, நடுநிலை வகித்தவை 17. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆதரித்தன. பிலிப்பீன்ஸ் எதிர்த்தது. இந்தோனேசியாவும் தாய்லந்தும் நடுநிலை வகித்தன. ஐந்து ஆசியான் நாடுகளுக்கு இடையிலேயே மூன்று விதமான நிலைப்பாடு!

நான்கு மாதம் கழித்து நிக்சனே பெய்ச்சிங் போனார். இனிமேல் சீனாவோடு பேசுவது துரோகம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனாலும் ரசாக் அவசரப்படவில்லை. நியூயார்க்கில் இரு நாட்டின் ஐ.நா. பிரதிநிதிகளும் மாதக்கணக்கில் பேசினார்கள். முட்டுக்கட்டையாக இருந்தவை இரண்டு. ஒன்று, குடியுரிமை இல்லாத சீனர்கள். இன்னொன்று, காட்டுக்குள் இருக்கும் போராளிகள். இவற்றுக்கு ஒரு வழி கிடைக்காமல் போய்க் கைகுலுக்கினால், ஊர் திரும்பியதும் மக்களுக்கு என்ன பதில் சொல்வது?

பெய்ச்சிங் பயணம்

1974 மே 28ஆம் தேதி ரசாக் பெய்ச்சிங்கில் தரையிறங்கினார். மறுநாள் மாவ் சேதுங்கைச் சந்தித்தார். மாவுக்கு அப்போது 80 வயது. இருவரும் கைகுலுக்கும் படம் மலேசியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த படமானது.

மே 31ஆம் தேதி மக்கள் மாமண்டபத்தில் ரசாக்கும் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அன்றிலிருந்து இரு நாட்டுக்கும் அரசதந்திர உறவு. ஆசியானில் அப்போது பெய்ச்சிங்குடன் அப்படி ஓர் உறவு வேறு யாருக்கும் இல்லை. இந்தோனேசியா மட்டும் முன்பு வைத்திருந்தது, 1967இல் அதை முடக்கிவிட்டது.

கூட்டறிக்கையின் முக்கிய அம்சங்களை எளிமையாகச் சொன்னால்:

• சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசாங்கம் பெய்ச்சிங்தான் என்பதை மலேசியா ஏற்றது. தைவான் தனது பகுதி என்ற சீனாவின் நிலைப்பாட்டைக் கருத்தில் எடுத்துக்கொண்டது. தைப்பேயில் இருந்த தன் துணைத் தூதரகத்தை மூட முடிவுசெய்தது.

• மலேசியாவின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் சீனா மதிக்கும். சமூக அமைப்பு வேறாக இருந்தாலும் நட்பாக இருக்கலாம். வெளியிலிருந்து தலையிடுவதும் ஆட்சியைக் கவிழ்க்க முயல்வதும் ஏற்கத்தக்கதல்ல.

• இரட்டைக் குடியுரிமை கிடையாது. மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடிமக்கள் அல்லர். சீனக் குடியுரிமையை விரும்பி வைத்திருப்பவர்கள் மலேசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கவேண்டும்.

மூன்றாவது அம்சத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது காகிதத்தில் எழுதிய சட்ட வாசகம் மட்டுமில்லை. ஈப்போவிலோ பினாங்கிலோ பிறந்து வளர்ந்த ஒரு சீனக் குடும்பத்திடம், உங்கள் நாடு இதுதான், எங்களைப் பார்க்கவேண்டாம் என்று சீனாவே சொல்லிவிட்டது. மே 13க்குப் பிறகு ஐந்தே ஆண்டில் அந்த வார்த்தைக்கு இருந்த கனம் தனி.

அதேநேரத்தில் அது மந்திரக்கோலும் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு உடனே அட்டை கிடைத்துவிடவில்லை. அவர்கள் வழக்கம்போல் விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் விழுந்த அடி

ரசாக் ஜூன் 2ஆம் தேதி நாடு திரும்பினார். உற்சாக வரவேற்பு.

ஐந்தே நாள். ஜூன் 7ஆம் தேதி, தேசியக் காவல்துறைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கம்யூனிஸ்ட் போராளிகள். பெய்ச்சிங்கில் கையெழுத்துப் போட்டால் காட்டுக்குள் துப்பாக்கி அமைதியாகிவிடும் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த நினைப்பு அன்றே கலைந்தது.

காரணம் என்ன? அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவு வேறு, கட்சிக்கும் கட்சிக்கும் உள்ள உறவு வேறு என்பது சீனாவின் வாதம். அரசாங்கமாக மலேசியாவுடன் கைகுலுக்குவோம், கட்சியாக மலாயாக் கம்யூனிஸ்ட்டுகளைக் கைவிடமாட்டோம். 1975இல் அந்தக் கட்சியின் 45ஆவது ஆண்டுநிறைவுக்குச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி வாழ்த்து அனுப்பியது. மலேசியா ஆட்சேபம் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கோலாலம்பூரின் தேசிய நினைவுச்சின்னத்தில் குண்டு வெடித்தது.

அப்போ ரசாக் ஏமாந்துவிட்டாரா? அவர் அப்படிப் பார்க்கவில்லை என்பதை அவருடைய நடவடிக்கையே காட்டுகிறது. உறவை முறிக்கவில்லை. அதேசமயம் காவலையும் தளர்த்தவில்லை. மலேசியர்கள் சீனாவுக்குப் போவதற்கான கடுமையான கட்டுப்பாடு 1990 வரை நீடித்தது. ஒரு கையில் நட்பு, மறு கையில் பூட்டு.

உள்நாட்டு அரசியலில் பயணத்தின் பலன் உடனே தெரிந்தது. 1974 ஆகஸ்ட் தேர்தலில், பல கட்சிகளைச் சேர்த்து அவர் உருவாக்கிய தேசிய முன்னணி 154 இடங்களில் 135ஐ வென்றது. மாவுடன் அவர் கைகுலுக்கும் படம் பிரசாரச் சுவரொட்டியானது. பயணத்தின் நேரம் தேர்தலை மனத்தில் வைத்துக் குறிக்கப்பட்டதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எழுந்ததில் தப்பில்லை. அரசதந்திரமும் ஓட்டுக் கணக்கும் பெரும்பாலும் ஒரே வண்டியில்தான் போகும்.

மக்களுக்குத் தெரியாத ரகசியம்

இத்தனைக்கும் நடுவே ரசாக் ஒன்றை மறைத்துவைத்திருந்தார். அவருக்கு ரத்தப் புற்றுநோய்.

பிரதமராக இருந்த காலம் முழுவதும் அந்த நோயோடுதான் வேலை பார்த்தார். அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில். அவரே மருத்துவர். ரசாக்குக்கு ஏதாவது ஆனால் அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் 1973 ஆகஸ்ட்டில் இஸ்மாயில் திடீரென்று காலமானார். முந்திக்கொண்டவர் மற்றவர்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் பெய்ச்சிங் பயணம். 52 வயது மனிதர், தன்னிடம் நேரம் அதிகமில்லை என்று தெரிந்தே புறப்பட்டார். அவர் ஏன் அந்த ஆண்டு போனார் என்பதற்கு வட்டார அரசியல், தேர்தல், வர்த்தகம் எனப் பல காரணம் சொல்லலாம். இதையும் ஓரத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எதிரே உட்கார்ந்து கையெழுத்திட்டவரின் நிலையும் அதேதான். சூ என்லாய்க்கும் புற்றுநோய். மலேசியாவுடன் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட மறுநாள், 1974 ஜூன் 1ஆம் தேதி, அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

1976 ஜனவரி 8ஆம் தேதி சூ என்லாய் மறைந்தார். ஆறு நாள் கழித்து, ஜனவரி 14ஆம் தேதி, லண்டனில் சிகிச்சை பெற்றுவந்த ரசாக் மறைந்தார். வயது 53. மலேசியர்கள் பலருக்கு அவர் நோயாளி என்பதே அப்போதுதான் தெரியவந்தது. கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள மாவீரர் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஹுசேன் ஓன். இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள், அதாவது சகலைகள். ரசாக்கின் மூத்த மகன் நஜிப் 2009இல் பிரதமரானார்.

பிறகு என்ன ஆனது?

ரசாக் திறந்த வழியில் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. ஜூன் மாதம் பிலிப்பீன்ஸும் ஜூலை 1ஆம் தேதி தாய்லந்தும் சீனாவுடன் உறவு ஏற்படுத்திக்கொண்டன.

சிங்கப்பூர் மட்டும் பொறுத்திருந்தது. மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் சீனர்கள். அண்டைநாடுகள் இதை மூன்றாவது சீனா என்று நினைத்துவிடக்கூடாது என்ற கவலை. இந்தோனேசியா முடிவெடுத்த பிறகே தன் முறை என்று சொல்லிவைத்திருந்தது. 1990 ஆகஸ்ட்டில் இந்தோனேசியா உறவைப் புதுப்பித்தது. அக்டோபர் 3ஆம் தேதி சிங்கப்பூர் உறவை ஏற்படுத்திக்கொண்டது. ஒரே கேள்விக்கு இரண்டு அண்டைநாடுகள் இரண்டு விதமாகப் பதில் சொன்னன. 16 ஆண்டு இடைவெளி. யார் சரி, யார் தவறு என்பதல்ல விஷயம். அவரவர் வீட்டுச் சூழல் அப்படி.

வானொலி? 1978 நவம்பரில் டெங் சியாவ்பிங் தென்கிழக்காசியாவுக்கு வந்தபோது, அது எவ்வளவு பெரிய முள் என்பது அவருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லப்பட்டது. 1981இல் ஹூனான் ஒலிபரப்பு நின்றது. 1989 டிசம்பர் 2ஆம் தேதி, தாய்லந்தின் ஹாட் யாய் நகரில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 41 ஆண்டுச் சண்டை முடிவுக்கு வந்தது. ரசாக் பெய்ச்சிங்கில் எதற்காகப் பேசினாரோ அது முழுமையாக நிறைவேற 15 ஆண்டு பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று இதை ஏன் தெரிந்துகொள்ளவேண்டும்?

2009 முதல் மலேசியாவின் ஆகப் பெரிய வர்த்தகப் பங்காளி சீனா. 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்கள் விசா இல்லாமலேயே அங்கே போய்வரலாம். தாத்தா காலத்தில் சீனா போவதற்கு அனுமதிக்காக அலையவேண்டியிருந்தது என்று சொன்னால் இன்று யார் நம்புவார்?

ஆனால் கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. தென்சீனக் கடலில் எல்லைத் தகராறு இருக்கிறது. அமெரிக்காவா, சீனாவா, எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்ற கேள்வி சிறு நாடுகளை நோக்கி அடிக்கடி வருகிறது.

ரசாக்கின் கதை அதற்கு ஆயத்தப் பதில் தராது. காலமும் ஆளும் வேறு. ஆனால் அவர் செய்த சில காரியங்களைக் கவனிக்கலாம். பெரிய நாட்டிடம் போவதற்கு முன் அண்டைநாடுகளோடு சண்டையை முடித்தார். போகும்முன் தனக்கு எது கட்டாயம் வேண்டும் என்று முடிவுசெய்து, அதை எழுத்தில் வாங்கினார். கிடைக்காததைக் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு காவலைக் கைவிடவில்லை. ஒரு கையெழுத்தால் எல்லாம் மாறிவிடாது என்று தெரிந்தும், பேச்சைத் தொடர்வதற்கு ஓர் இடத்தை உருவாக்கிவைத்தார்.

அடுத்த முறை ஜாலான் துன் ரசாக்கில் நெரிசலில் நிற்கும்போது இதை நண்பர்களிடம் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.